நாலு மேசை, ஒரு மொனிட்டர், மணித்தியாலத்துக்கு முப்பது சதம்

திருகோணமலை உப்புவெளியில் சீசன் செப்டெம்பரோடு படுத்துவிடும். பிறகு ஏப்ரல் வரைக்கும், விடுதியின் முன்பதிவுக் கணக்கைப் பார்க்கிற எனக்கு ஒரு நாளில் ஒரு மணித்தியால வேலைகூடத் தேறாது. போன வாடைக்கு மழை பிடித்து வெளியே இறங்க வழியில்லாமல் கிடந்த நாட்களில் ஒன்லைன் போக்கரை ஒரு மேசையில் ஆடிச் சலித்து, இரண்டு, நாலு, ஆறு என்று ஏற்றிப் பார்த்தேன். அதற்காகவே ஒரு பெரிய மொனிட்டரும் வாங்கினேன். மொனிட்டரைப் பற்றியும் சொல்கிறேன், ஆனால் முக்கியமாகச் சொல்ல வந்தது, ஒரே நேரத்தில் பல மேசை ஆடுவது காசுக்கும் கண்ணுக்கும் பெறுமதியா என்பதுதான்.

எந்தத் தளம் என்று சொல்லப்போவதில்லை. புகழ்ந்தால் விளம்பரம் என்பார்கள், திட்டினால் வம்பு. நான் ஆடியது நோ லிமிட் ஹோல்டெமில் (கையில் இரண்டு சீட்டு, நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து, கட்டுவதற்கு உச்ச வரம்பு இல்லை) ஆகச் சின்ன மேசை: சின்ன பிளைண்ட் 1 சதம், பெரிய பிளைண்ட் 2 சதம், மேசைக்கு ஆறு பேர், உட்கார 2 டொலர். பிளைண்ட் என்பது சீட்டைப் பார்க்க முன்பே இரண்டு பேர் முறைவைத்துக் கட்டாயம் கட்ட வேண்டிய காசு. அமெரிக்கச் சதம்தான், ஆனாலும் பணக்காரன் ஆகும் கதை இல்லை இது.

ஒரு மேசையில் என்ன குறை என்று கேட்டால், காத்திருப்பு. ஆறு பேர் மேசையில் மணித்தியாலத்துக்கு எழுபது, எழுபத்தைந்து கை வரும், அதில் முக்கால்வாசியைப் பார்த்த கையோடு எறிந்துவிடுகிறவன்தான் ஒழுங்காக ஆடுகிறவன். தொடக்கத்தில் வரக்கூடிய ஆகப் பெரிய கையான ஆஸ் ஜோடி சராசரியாக 221 கைக்கு ஒருமுறைதான் வரும், அதாவது ஒரு மேசையில் மூன்று மணித்தியாலத்துக்கு ஒன்று. இங்கே எல்லாரும் சின்ன வயதிலிருந்து 304 என்ற சீட்டாட்டம் ஆடிப் பழகியவர்கள். அதில் எந்தக் கையும் வீண் போகாது, துரும்பு கேட்கலாம், கூட்டாளியை ஏசலாம், குறைந்தது பக்கத்தில் இருப்பவனுடைய முகத்தையாவது பார்க்கலாம். போக்கரில் வெறும் கையை எறிந்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். அந்தச் சும்மாதான் ஆளைக் கெடுக்கும். நாற்பது நிமிடம் எறிந்தவனுக்கு ஒன்பதும் நாலும்கூட நல்ல கையாகத் தெரியத் தொடங்கும்.

நாலு மேசை திறந்தால் மணித்தியாலத்துக்கு முந்நூறு கை, சராசரியாகப் பன்னிரண்டு செக்கனுக்கு ஒன்று. ஒன்றை எறிவதற்குள் அடுத்தது கூப்பிடும். இதனால் வந்த உண்மையான நன்மை இதுதான், அலுப்பில் குப்பைக் கை ஆடுவது முதல் வாரத்திலேயே நின்றுபோனது.

சரி, மொனிட்டர். என் பழைய லப்டொப்பின் திரை 1366க்கு 768. அதில் இரண்டு மேசை பக்கத்தில் பக்கத்தில் கொள்ளும், நாலு வைத்தால் ஒன்றின் பொத்தானுக்கு மேல் இன்னொன்று ஏறி நிற்கும். மத்திய வீதிப் பக்கம் பாவித்த கணினிச் சாமான் விற்கிற ஒரு கடையில் 27 அங்குல மொனிட்டர், 2560க்கு 1440, நாற்பத்திரண்டாயிரம் ரூபாய்க்குக் கிடைத்தது. கணக்குப் பாருங்கள், அதன் கால்வாசி 1280க்கு 720. ஒவ்வொரு மேசைக்கும் கிட்டத்தட்ட என் பழைய திரை முழுவதும். கடைக்காரர், "தம்பி, கேம் விளையாடவோ?" என்றார். "ஓம் அண்ணை, ஒரு மாதிரியான கேம்" என்றேன். அவர் மேலே கேட்கவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டார்: கீழே இடது பக்கத்தில் ஒரு புள்ளி செத்துப்போயிருந்தது. வீட்டுக்கு வந்து முதல் தரம் வெள்ளைப் பக்கம் திறந்தபோதுதான் கண்டேன். போக்கர் மேசையின் பச்சையில் அது தெரியாது, விடுதியின் கணக்குப் பக்கத்தில் மட்டும் ஈ மாதிரி உட்கார்ந்திருக்கும். பெட்டியும் தரவில்லை. ஓட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வரும்போது நடு ரோட்டில் ஒரு மான் அசையாமல் நின்றது. திருகோணமலையில் மானுக்கு எவனும் ஹோர்ன் அடிக்க மாட்டான், அது போகும்வரைக்கும் கை மரத்துப்போக அந்தத் திரையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேன்.

படம் நல்ல தெளிவு. இரவில் வெளிச்சத்தைப் பாதிக்குமேல் குறைக்காவிட்டால் இரண்டாவது மணித்தியாலத்தில் கண் எரியும். இந்த விலைக்கு வேறு குறை சொல்ல மாட்டேன்.

மென்பொருளில்தான் சொல்ல நிறைய இருக்கிறது. மேசைகளை மூன்று விதமாக அடுக்கலாம். எல்லாவற்றையும் ஓடு பதித்த மாதிரிப் பக்கம் பக்கமாக வைப்பது ஒன்று, இதற்கு டைல் என்று பெயர். சீட்டு விரித்த மாதிரி ஒன்றின் ஓரம் தெரிய அடுத்தது வருவது இரண்டாவது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவித்துவிட்டு, உங்கள் முறை வந்த மேசை மட்டும் மேலே எழும்பி வருவது மூன்றாவது, ஸ்டாக் என்பார்கள். இருபது மேசை ஆடுகிற ஆட்களுக்கு அதுதான் வசதி. எனக்கு டைல். காரணம், ஸ்டாக்கில் நீங்கள் எறிந்த பிறகு அந்த மேசையில் என்ன நடந்தது என்று பார்க்கவே முடியாது, அந்தப் பார்வைதான் இந்த ஆட்டத்தில் பாதி.

ஆறு மேசைக்குப் போனபோது டைலில் இடம் போதாமல் ஸ்டாக்கைப் பிடித்தேன். இரண்டாவது நாள் இரவு ஒரு மேசையில் ஏழும் இரண்டும், எறியலாம் என்று ஃபோல்ட் பொத்தானை நோக்கிச் சுட்டியைக் கொண்டுபோய் அமத்துகிற அதே கணத்தில் அடுத்த மேசை எழும்பி முன்னால் வந்து நின்றது. அதில் இரண்டு ஆஸ். எறிந்தது அதைத்தான். முன்னால் ஒருவன் ஏற்கெனவே ரெய்ஸ் பண்ணி, அதாவது பந்தயத்தை ஏற்றி வைத்திருந்தான். அன்றைக்கு நான் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது, அடுத்த அறையிலிருந்து அம்மா "என்னடா?" என்று எழும்பி வந்துவிட்டார். அமத்தும் நேரத்தில் மேசையை மாற்றுகிற இந்தப் பழக்கத்தை நிறுத்த அமைப்புகளுக்குள் ஒரு தெரிவு இருந்தது, ஆனால் அது மூன்று பக்கம் உள்ளே ஒளிந்துகிடந்தது. இதை முதல் பக்கத்தில் வைக்காதவர்களை என்னவென்று சொல்வது.

கட்டாயம் போட வேண்டிய இன்னொரு அமைப்பு நாலு நிறச் சீட்டு. ஸ்கோப்பன் கறுப்பு, ஆடுதன் சிவப்பு, கலாவரை பச்சை, டைமன் நீலம். ஓரக்கண்ணால் நாலு மேசை பார்க்கிறவனுக்குக் கலாவரையும் ஸ்கோப்பனும் ஒன்றாகத் தெரிந்தால் இல்லாத ஃபிளஷுக்கு (ஐந்து சீட்டும் ஒரே இனம்) காசு கட்டுவான், நான் கட்டியிருக்கிறேன். (ஸ்கோப்பன், ஆடுதன், கலாவரை எல்லாம் ஒல்லாந்தர் விட்டுப்போன சொற்கள். கோட்டையை ஆங்கிலேயனிடம் விட்டாலும் சீட்டை எங்களிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.)

இனிக் காசுக் கணக்கு. நூறு கைக்கு எத்தனை பெரிய பிளைண்ட் மிஞ்சுகிறது என்றுதான் இதை அளப்பார்கள். ஒரு மேசையில் எனக்கு எட்டு மிஞ்சியது, ஆனால் மணித்தியாலத்துக்கு எழுபத்தைந்து கைதானே, ஆக 12 சதம். நாலு மேசையில் நூறுக்கு ஐந்தாகக் குறைந்தது, ஆனால் முந்நூறு கை, ஆக 30 சதம். ஆறு மேசையில் நானூற்றைம்பது கை, நூறுக்கு இரண்டு, 18 சதம். எங்கள் காசில் முப்பது சதம் ஒரு பிளேன்டியும் வடையும். இந்த எண்களையும் அப்படியே நம்ப வேண்டாம்: ஆறு பேர் மேசையில் நூறு கைக்குத் தொண்ணூறு பிளைண்ட் அளவுக்கு அங்குமிங்கும் ஆடுவது சாதாரணம், பத்தாயிரம் கை ஆடிய பிறகும் அதிர்ஷ்டம் மட்டுமே உங்கள் சராசரியை நூறுக்கு ஒன்பது மேலேயோ கீழேயோ தள்ளிவிடும். என் எட்டும் ஐந்தும் இரண்டும் அந்த ஒன்பதுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன.

ஆனாலும் ஆறில் கீழே போனது வெறும் அதிர்ஷ்டம் என்று நான் நினைக்கவில்லை. இந்தச் சின்ன மேசைகளில் காசு எங்கிருந்து வருகிறது என்றால், எதற்கெடுத்தாலும் கோல் பண்ணுகிற, அதாவது எறியாமல் மற்றவன் கட்டிய அளவுக்குக் கட்டிக்கொண்டே வருகிற ஒருவனிடமிருந்து. அவன் ஒவ்வொரு மேசையிலும் இருக்க மாட்டான். இரண்டு மூன்று மேசைக்கு ஒருவன் இருப்பான், கீழ் ஜோடியை வைத்துக்கொண்டு கடைசிச் சீட்டு வரைக்கும் வருவான். அவனைக் கண்டுபிடித்துவிட்டால் நல்ல கைக்கு வழமையைவிடப் பெரிதாகக் கட்டலாம், பொய்க்குக் கட்டுவதை அடியோடு விடலாம். நாலு மேசையில் எதிரே இருபது பேர், கஷ்டப்பட்டால் அவனைக் காணலாம். ஆறில் முப்பது பேர், பெயர் மட்டும் ஓடும், ஆள் தெரியாது. அப்போது நான் ஆடியது ஆட்களை இல்லை, வெறும் சீட்டை. நல்லதென்றால் ரெய்ஸ், இல்லையென்றால் எறி. அப்படி ஆடினாலும் தோற்க மாட்டோம், ஆனால் ஒவ்வொரு பொட்டிலும் (நடுவில் சேருகிற காசு) தளம் தன் பங்காக எடுக்கிற ரேக்குக்குப் பிறகு கையில் ஒட்டுவது அந்த 18 சதம்தான். நண்பன் ஒருவன் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "மச்சான், நீ டேட்டா என்ட்ரிக்கே போயிருக்கலாம்" என்றான்.

இதில் உச்சம் தொட்டவர் அமெரிக்கரான ராண்டி லூ. 2012 ஜனவரியில் பஹாமாஸில் உட்கார்ந்து எட்டு மணித்தியாலத்தில் 23,493 கை ஆடிக் கின்னஸ் சாதனை வைத்தார். 1.2 செக்கனுக்கு ஒரு கை. முடிவில் அவர் கையில் மிஞ்சிய லாபம் 7 டொலர் 65 சதம். என் முப்பது சதத்தைப் பார்த்துச் சிரித்தவனுக்கு இதைத்தான் சொன்னேன்.

நாலு மேசைக்குக் கட்டாயம் வேண்டியது இன்னொன்று, ரவுட்டருக்கு ஒரு மினி யுபிஎஸ். வாடை மழையில் கரன்ட் ஒரு நிமிடம் போய் வந்தாலும் ரவுட்டர் திரும்ப எழும்ப மூன்று நிமிடம் எடுக்கும். ஒரு மேசை என்றால் போவது ஒரு கை, நாலு மேசை என்றால் நாலு இடத்திலும் நேரம் ஓடி முடிந்து நாலு கையும் தானாக எறியப்படும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறையில் ஒரு குரங்கு போய் மாட்டி நாடு முழுக்க கரன்ட் போனதே, அந்த ஞாயிற்றுக்கிழமை முற்பகலிலும் நான் நாலு மேசையில்தான் இருந்தேன். லப்டொப் ஓடியது, யுபிஎஸ்ஸில் ரவுட்டரும் ஓடியது, மொனிட்டர் செத்துவிட்டது. சின்னத் திரையில் நாலு மேசையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்துகிடக்க, ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து, அடுத்த பிளைண்டோடு எழும்பு என்ற கட்டத்தில் கோடு போட்டு வெளியே வந்தேன்.

இப்போது சீசன் தொடங்கிவிட்டது. மொனிட்டரின் மேல் இரண்டு கால்வாசியிலும் முன்பதிவுப் பக்கங்கள், கீழே வலது பக்கம் வெளிநாட்டுக்காரர்களின் கேள்விகள். மிச்சம் இருப்பது செத்த புள்ளி இருக்கிற இடது மூலை. அதில் எப்போதாவது, விருந்தினர் எல்லாரும் கடலுக்குப் போயிருக்கிற நேரத்தில், ஒரு மேசை திறப்பேன்.