தட்டை லேபலைப் போத்தலில் சுற்றிக் காட்டுவது: ஏழு வருட அனுபவம்

கொழும்பு வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தபடியே லேபல் வடிவமைக்கிறேன். ஜாம், நெல்லி கோர்டியல், கித்துள் பாணி (கித்துள் மரத்து இனிப்புப் பாகு), மிளகாய்த்தூள் என்று சின்ன உற்பத்தியாளர்கள்தான் என் வாடிக்கையாளர்கள். லேபலைத் தட்டையாகக் காட்டினால் யாருக்கும் பிடிபடாது. "போத்தல்ல ஒட்டினா எப்படி இருக்கும் தம்பி?" என்பார்கள். அச்சுக்குப் போகும் முன் அதைப் படமாகக் காட்டும் வேலையை ஏழு வருடமாகச் செய்கிறேன்.

தொடங்கியது எல்லோரையும்போல போட்டோஷொப்பில்தான். இணையத்தில் கிடைக்கும் மொக்கப் (தயாராக இருக்கும் மாதிரிப் போத்தல் படம்) கோப்பைத் திறந்து, நம் லேபலை மாற்றி வைப்பதற்கென்றே அதில் இருக்கும் ஸ்மார்ட் ஒப்ஜெக்ட்டை இரண்டு தட்டுத் தட்டி, லேபலை வைத்துச் சேமித்தால் ஐந்து நிமிடத்தில் படம் தயார். பார்க்க அமர்க்களமாக இருக்கும். ஆனால் அது யாரோ ஒருவருடைய போத்தல். நம்மூர்ப் பாணி வரும் போத்தல் அதுவல்ல.

இதன் விலை எனக்குத் தெரிந்தது புறக்கோட்டைப் பாணி வியாபாரி ஒருவரின் கடையில். படம் பார்த்துத் தலையாட்டியவர், லேபல் அச்சாகி வந்ததும் கூப்பிட்டார். ஒரு போத்தலை மேசையில் வைத்து மெதுவாகச் சுழற்றினார். "படத்தில முழுப் பேரும் தெரிஞ்சுது. இதில பேரை வாசிக்கிறதுக்கு ஆள் போத்தலைச் சுத்தி நடக்கணும் போல இருக்கே!" பிழை என்னுடையது. 12 சென்டிமீட்டர் அகலப் பெயரை முன்பக்கத்துக்குள் நெருக்கிப் படத்தில் காட்டியிருந்தேன். கணினி நெருக்கும், பசைத்தாள் நெருங்காது.

அன்றிரவுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்தப் போத்தலின் விட்டம் 7.4 சென்டிமீட்டர், சுற்றளவு 23 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். நேரே நின்று பார்ப்பவருக்கு அதிகபட்சம் பாதிச் சுற்றுத்தான் தெரியும். அதிலும் நடுவிலிருந்து 60 பாகை தள்ளிப் போனால் எழுத்தின் அகலம் பாதியாகச் சுருங்கிவிடும். அதற்கு அப்பால் வாசிக்கவே முடியாது. இரு பக்கமும் 60 பாகை என்றால் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்கு, ஏறக்குறைய 7.7 சென்டிமீட்டர். சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று மொழியிலும் பெயர் போடும் நமக்கு இது சின்ன இடம். அதனால் பெயர்களை ஒரே வரியில் ஓடவிடாமல் ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்குகிறேன். தமிழ்ப் பெயர்தான் பெரும்பாலும் நீளம், அதை வைத்தே மற்ற இரண்டின் அளவையும் முடிவு செய்வேன்.

அப்புறம் வளைவு. போட்டோஷொப்பில் படத்தை வளைக்கும் வார்ப் கருவியின் ஆர்ச் வகை மேல் ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் ஒரே மாதிரி வளைக்கும். கண்ணுக்கு அது பொய் என்று உடனே தெரியும், ஏன் என்றுதான் சொல்லத் தெரியாது. கமெரா லேபலுக்கு மேலே இருந்தால், கண்மட்டத்திலிருந்து இறங்க இறங்க வளைவு கூடும். கீழ் ஓரம் மேல் ஓரத்தைவிடக் கூடுதலாகத் தொங்க வேண்டும். இப்போது போத்தலை நானே சன்னல் வெளிச்சத்தில் வைத்து, தள்ளி நின்று சூம் பண்ணிப் படம் எடுக்கிறேன். லேபலை வார்ப் கட்டத்தில் கையால் வளைத்து, நிழலை (கீழே இருப்பதை இருட்டாக்கும்) மல்டிப்ளை லேயரிலும் பளபளப்பை (வெளிச்சமாக்கும்) ஸ்க்ரீன் லேயரிலும் அதன் மேல் போடுகிறேன். வெள்ளை லேபலைக் கொஞ்சம் மங்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் படத்தில் ஓட்டை விழுந்த மாதிரி நிற்கும். தமிழ் எழுத்துகளை முதலே அவுட்லைன் ஆக்கி, அதாவது எழுத்துருவை வெறும் வடிவமாக மாற்றிவிடுங்கள். கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் போன கதைகள் என்னிடம் நிறைய உண்டு.

யோகட் கோப்பை வேறு சங்கதி. மேலே அகலம் கீழே ஒடுக்கம் என்றால் செவ்வக லேபல் ஒட்டவே ஒட்டாது, விசிறி வடிவில் வெட்ட வேண்டும். மேல் விட்டம் 7, கீழ் விட்டம் 5.5, சாய்வு உயரம் 6 சென்டிமீட்டர் என்று வையுங்கள். வெளி வில்லின் ஆரம் 28, உள் வில்லின் ஆரம் 22, கோணம் 45 பாகை. வரிகளையும் அந்த வில்லோடு சேர்த்தே வளைத்தால்தான் கோப்பையில் நேராக நிற்கும்.

பொருட்களை முப்பரிமாணத்தில் உருவாக்கும் பிளெண்டர் மென்பொருளுக்குப் போனது 2022இல். டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்கு ஏறிய காலம், போட்டோஷொப்புக்கு மாதச் சந்தா கட்டக் கை நடுங்கியது. பிளெண்டர் இலவசம். போத்தலின் பாதி உருவத்தைக் கோடாக வரைந்து 360 பாகை சுழற்றினால் போத்தல். அதைவிட ஒரு மயிரிழை பெரிய உருளை லேபல். உருளையை விரித்தால் வரும் செவ்வகத்தில் என் தட்டை லேபல் அப்படியே உட்காரும். எந்தக் கோணத்தில் பார்த்தாலும் வளைவு தானாகச் சரி. கண்ணாடி பிளாஸ்டிக் மாதிரித் தெரியாமல் இருக்கப் பழகத்தான் இரண்டு வாரம் போனது. என் பழைய கணினியில் ஒரு கண்ணாடிப் போத்தல் ரெண்டராக, அதாவது கணினி அதை முழுப் படமாக வரைந்து முடிக்க, ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். மார்ச் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டு வந்தபோது முக்கால்வாசி முடிந்த படங்கள் எத்தனை போயின என்று எண்ணவில்லை.

இன்று சந்தாவும் உண்டு, பிளெண்டரும் உண்டு. ஒரு தடவை மட்டும் வரும் வேலைக்குப் போட்டோஷொப். ஒரே போத்தலில் ஆறு சுவை, பெரிது சிறிது என்று திரும்பத் திரும்ப வருபவர்களுக்குப் பிளெண்டர். அங்கே படத்தை மாற்றினால் போதும். மசாலாப் பைக்கு இரண்டுமே எனக்குச் சரிவரவில்லை. பையின் கசங்கலை டிஸ்பிளேஸ் மெப்பில் (மேடு பள்ளத்துக்கேற்ப லேபலை நெளியவைக்கும் படம்) கொண்டுவரப் பார்ப்பேன், பாதி நாள் உண்மையான பையில் ஒட்டிப் படம் எடுப்பதே சுலபம். எதைப் பாவித்தாலும் முன்பக்கம் ஒன்றும் இரு பக்கவாட்டு ஒவ்வொன்றுமாக மூன்று படம் கொடுக்கிறேன். அதோடு, வீட்டுப் பிரிண்டரில் சரியான அளவில் எடுத்து நிஜப் போத்தலில் செலோடேப்பால் ஒட்டியும் பார்ப்பேன்.

பாணி வியாபாரி இன்னும் என்னிடம்தான் வருகிறார். இப்போதெல்லாம் நான் கேட்கும் முன்பே வெற்றுப் போத்தலைக் கடைப் பையனிடம் கொடுத்தனுப்பிவிடுகிறார். கழுவாமல்தான். மேசையில் நூலும் அடிமட்டமும் எடுத்து வைப்பதற்குள் எறும்பு வந்துவிடும்.