ஆர்க்கிட்டுக்கு நீர்: ஊற்றுவதா, முக்குவதா, தெளிப்பதா?

காவிரி டெல்டா வீடுகளுக்கு வந்து சேரும் ஆர்க்கிட்டுகளில் பெரும்பாலானவை டென்ட்ரோபியம், ஃபலனாப்சிஸ், வாண்டா என்ற மூன்று பேரினங்களுக்குள் அடங்கிவிடும். செடியை வாங்கும்போது கிடைக்கும் அறிவுரைகள் அப்படி அடங்குவதில்லை. வாரம் மூன்று பனிக்கட்டி வைத்தால் போதும் என்று தொட்டியில் செருகிய அட்டை சொல்லும். வாளியில் முக்கி எடுக்கச் சொல்வார் ஒருவர். தினமும் தெளிக்கச் சொல்வார் இன்னொருவர். இவற்றில் எதுவும் முழுப் பொய்யல்ல. ஆனால் இவற்றுள் பல, குளிர்நாடுகளில் வெப்பமூட்டிய வறண்ட அறைக்குள் வளரும் செடிக்காகச் சொல்லப்பட்டவை. நம் பக்கத்தில் ஆர்க்கிட்டை இழப்பவர்கள் பெரும்பாலும் அதைச் சித்திரை வெயிலில் இழப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வேர் அழுகியோ குருத்து அழுகியோதான் இழக்கிறார்கள். ஆகவே இங்கு ஒவ்வொரு முறையையும் அது எவ்வளவு நனைக்கிறது என்பதோடு, நனைத்தபின் எவ்வளவு விரைவில் உலரவிடுகிறது என்பதையும் வைத்தே எடைபோட வேண்டும்.

இதற்குக் காரணம் வேரின் அமைப்பு. மேற்சொன்ன மூன்றும் இயற்கையில் மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு வளர்பவை. தமிழகச் சமவெளியின் மரங்களிலேயே வாண்டா டெஸ்ஸலேட்டா என்ற இனம் தானாக வளர்கிறது. அதற்கு மண்ணே தேவையில்லை. இவற்றின் வேரைச் சுற்றி வெலாமென் எனப்படும், உயிரற்ற செல்களால் ஆன தடித்த உறை உண்டு. உலர்ந்திருக்கும்போது அதன் அறைகளில் காற்று நிறைந்து வேர் வெள்ளியாகத் தெரியும். நீர் புகுந்ததும் உறை ஒளி ஊடுருவுவதாகி, உள்ளிருக்கும் பச்சை வெளியே தெரியும். காய்ந்த வாண்டா வேரின் மேல் நீரை விட்டுப் பார்த்தால் இந்த மாற்றத்தைக் கண்ணெதிரே காணலாம்: முதலில் பச்சைத் திட்டுகள் தோன்றும், இடையிடையே வெண்மை எஞ்சி நிற்கும்; சில நிமிடம் விட்டு மறுபடி நனைத்தால்தான் வேர் முழுவதும் ஒரே பச்சையாகும். அந்த உறை இடைவிடாமல் நீரில் ஊறினால் வேருக்குக் காற்று கிடைக்காமல் உள்ளே அழுகத் தொடங்குகிறது.

பூவாளியால் ஊற்றுவது, வாளியில் முக்குவது ஆகிய இரண்டுக்கும் இடையில்தான் உண்மையான போட்டி. தேங்காய் மட்டைத் துண்டுகளில் நட்ட தொட்டிக்கு, மேலிருந்து ஊற்றும் நீர் முதலில் பெரும்பாலும் வீணே ஓடிவிடுகிறது. நன்றாகக் காய்ந்த மட்டை நீரை உடனே ஏற்றுக்கொள்வதில்லை. முக்கிப் பத்து, பதினைந்து நிமிடம் வைத்தால் மட்டையும் வேரும் ஒருசேர நனைகின்றன. இந்த வகையில் முக்குவதே மேல். ஆனால் அதற்கு இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, ஒரே வாளி நீரில் தொட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக முக்கினால், ஒரு செடியின் அழுகல் நோய் எல்லாச் செடிகளுக்கும் பரவ வழி ஏற்படுகிறது. இன்னொன்று, முக்கும்போது மட்டையில் படிந்திருக்கும் உப்பு கரைந்தாலும் அதே நீர் தொட்டிக்குள் தங்குவதால் ஒரு பகுதி உப்பும் தங்கிவிடுகிறது; ஊற்றும் நீரோ அதை அடித்துக்கொண்டு கீழே வெளியேறுகிறது. கிணற்று நீரிலும் ஆழ்குழாய் நீரிலும் உப்பு கூடிய கடலோரப் பகுதிகளில் இந்த வேறுபாடு சிறியதன்று. ஒன்றிரண்டு தொட்டி வைத்திருப்பவர் தனித்தனி நீரில் முக்கட்டும். அதற்கு மேல் வைத்திருப்பவருக்கு, ஒரு முறை ஊற்றி, பத்து நிமிடம் கழித்து அடித்துளை வழியே நீர் தாராளமாக ஓடும்வரை மறுபடி ஊற்றுவதே என் பரிந்துரை. எந்த முறையானாலும் தொட்டியின் அடியில் தட்டு வைத்து நீரைத் தேக்கக் கூடாது.

தெளிப்பானைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தொட்டியில் உள்ள செடிக்கு அது நீர் பாய்ச்சும் முறையாகாது. மேல்மட்டை நனைந்து பார்வைக்குத் திருப்தி தரும், உள்ளே வேர் காய்ந்தே கிடக்கும். மரக்கூடையில் வேர் தொங்கும் வாண்டாவுக்கு மட்டும் கணக்கு வேறு. அதற்கு வேர் முழுவதும் பச்சையாகும்வரை குழாயாலோ தெளிப்பானாலோ தினமும் நனைக்க வேண்டும்; முக்க வசதியிருந்தால் அதுவும் நல்லதே.

பனிக்கட்டி முறையைக் கேலி செய்வது எளிது. ஆனால் அதற்குச் சோதனை ஆதாரம் உண்டு. 2017இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மரப்பட்டையில் நட்ட ஃபலனாப்சிஸ் செடிகளுக்கு வாரம் மூன்று பனிக்கட்டி வைத்தபோது பூவின் ஆயுள் குறையவில்லை, வேர்களும் கெடவில்லை. எனவே குளிர் வேரைக் கொன்றுவிடும் என்ற அச்சத்துக்கு அந்தச் சூழலில் இடமில்லை. எனினும் டெல்டாவுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். மூன்று கட்டி உருகித் தரும் நீர் சித்திரை, வைகாசியின் வறட்சிக்குப் போதாது. உப்பைக் கழுவி வெளியேற்றவும் உதவாது. நம் ஊரில் அஞ்ச வேண்டியது குளிர்நீரைவிட வெந்நீரை: மே மாத நண்பகலில் மொட்டைமாடியின் கறுப்புப் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியிலிருந்து வரும் நீரில் கையை வைக்க முடியாது. அதை அப்படியே வேரில் விடுபவர்கள் இருக்கிறார்கள்.

காலையா மாலையா என்ற கேள்வியில் மாலைக்கும் நியாயம் உண்டு. வெயில் தாழ்ந்தபின் கொல்லைச் செடிகளுக்கு நீர் விடுவது நம் வீடுகளின் பழைய வழக்கம். விட்ட நீர் ஆவியாகாமல் நிற்கும். ஃபலனாப்சிஸ் போன்ற தடித்த இலை ஆர்க்கிட்டுகள் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்துதான் கரியமில வாயுவை எடுத்துக்கொள்கின்றன என்பதால், இரவுக்கு முன் நீர் தருவதே பொருத்தம் என்று வாதிடுவாரும் உண்டு. வாதம் கேட்க நன்றாக இருக்கிறது; ஆனால் வேர் உறை நீரை உறிஞ்சுவதற்கும் இலைத்துளை திறப்பதற்கும் ஒரே நேரம் அமைய வேண்டிய கட்டாயம் இல்லை. காலையில் எடுத்த நீர் தடித்த இலையிலும் தண்டிலும் சேமிக்கப்பட்டிருக்கும். மாலையில் விட்ட நீரோ, ஃபலனாப்சிஸின் இலைகள் கூடும் குருத்துக் குழியில் இரவெல்லாம் தேங்கி நிற்கும். நடு இலை அடியில் மஞ்சளாகி, மெல்ல இழுத்தால் கையோடு வந்துவிட்டால் குருத்து அழுகிவிட்டது என்று பொருள். ஆகவே ஃபலனாப்சிஸுக்குக் காலை மட்டுமே. குழியில் நீர் தங்கினால் துணி முனையால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். டென்ட்ரோபியத்துக்கும் காலையே மேல். அக்கினி நட்சத்திர நாட்களில் வாண்டாவுக்கு இரண்டாம் முறை தேவைப்படும். அதை நான்கு மணிக்குள் முடித்தால் இருட்டுவதற்குள் செடி உலர்ந்துவிடும், மாடித்தொட்டி நீராக இருந்தால் நிழலில் ஆறவைத்துப் பயன்படுத்தலாம்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதற்கு நாள்காட்டியைப் பார்ப்பதா, தொட்டியைப் பார்ப்பதா? நாள்காட்டி மறதிக்காரருக்கு உதவும், ஆனால் டெல்டாவின் பருவங்கள் அதற்குக் கட்டுப்படுவதில்லை. சித்திரையில் ஒன்றுவிட்டொரு நாள் நீர் கேட்ட தொட்டி, அடைமழைக் காலத்தில் ஒரு வாரமானாலும் உலராது. வெயில் குறைந்துவிட்டதே என்று ஆடியில் நீரைக் குறைப்பவர்கள், பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் வறண்ட காற்றைக் கணக்கில் கொள்வதில்லை; அம்மியையே பறக்க வைப்பதாகச் சொல்லப்படும் அந்தக் காற்று, தொங்கும் கூடைகளைச் சித்திரை வெயிலுக்குச் சற்றும் குறையாத வேகத்தில் உலர்த்திவிடும். மார்கழியிலோ காலைப் பனியில் இலை நனைந்திருக்கும், தொட்டியின் உட்புறம் காய்ந்திருக்கும்; இலையைப் பார்த்து ஏமாறக் கூடாது. தொட்டியை நனைத்த உடன் ஒரு முறையும், சில நாள் கழித்து ஒரு முறையும் கையில் தூக்கிப் பார்த்தால் கனத்தின் வேறுபாடு பழகிவிடும். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தொட்டியாக இருந்தால் வேரின் நிறமே சொல்லிவிடும்: வெள்ளியானால் நீர் விடலாம், பச்சையாக இருந்தால் பொறுக்கலாம்.

இடையில் ஊடகமும், அதாவது செடியை நட்டிருக்கும் பொருளும், குறுக்கிடுகிறது. ஃபலனாப்சிஸ் பெரும்பாலும் ஸ்ஃபாக்னம் பாசியில் இறுக்கி நட்டு விற்கப்படுகிறது. குளிர்சாதன அறையில் அது பொருந்தலாம்; திறந்த தாழ்வாரத்தில், கார்த்திகை ஈரக்காற்றில், அது உலர்வதே இல்லை. பூ முடிந்ததும் அடுப்புக்கரியும் ஓட்டாஞ்சில்லும் கலந்த மட்டைத் துண்டுகளுக்கு மாற்றுவது, எந்த நீர்முறையைத் தேர்ந்தெடுத்தாலும் செடியைப் பிழைக்க வைக்கும். மட்டைத் துண்டில் இயல்பாகவே உப்பும் துவர்ப்புச் சாறும் உண்டு என்பதால், சில நாட்கள் நீரை மாற்றி மாற்றி ஊறவைத்துச் சாயம் இறங்கியபின் பயன்படுத்த வேண்டும். மண் தொட்டி விரைவில் உலரும். மழைக்காலத்தில் அது வரம், ஆடியில் அது கூடுதல் வேலை.

கடைசியாக, எந்த நீர்? நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உவர்நீரைவிடக் கொள்ளிடத்திலிருந்து குழாயில் வரும் குடிநீர் நல்லது. குளோரின் வாடை அடித்தால் திறந்த பாத்திரத்தில் ஓரிரவு வைத்து எடுக்கலாம். ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவு நீரை வீணாக்க மனமில்லாமல் செடிக்கு விடும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. வாழைக்கு அது தாங்கலாம், ஆர்க்கிட்டுக்குத் தாங்காது, ஏனெனில் மூல நீரின் உப்பெல்லாம் அடர்ந்து அதில்தான் சேர்கிறது. தொட்டி விளிம்பில் வெண்படலமும் இலை நுனியில் கருகலும் சேர்ந்து தெரிந்தால் உப்பையே முதலில் சந்தேகிக்க வேண்டும். எல்லாவற்றிலும் சிறந்தது மழைநீர். ஐப்பசி, கார்த்திகையில் முதல் மழையைக் கூரை கழுவ விட்டு, அடுத்து வருவதைப் பீப்பாயில் பிடித்து, கொசு முட்டையிடாதபடி வாயை மெல்லிய துணியால் இறுகக் கட்டி நிழலில் வைத்தால், தை, மாசிவரை நாலைந்து தொட்டிகளுக்கு வேறு நீர் தேட வேண்டியிராது.