ஈயக்குட்டையில் ஸ்லாலம்: எந்தப் பயிற்சி கைகொடுத்தது, எது வீண்

படகு கயிற்றால் இழுக்க, ஒற்றைப் பலகையில் நின்று மிதவைகளைச் சுற்றி வளைந்து போவதுதான் ஸ்லாலம் வாட்டர் ஸ்கீ. இதற்கு இணையத்தில் கிடைக்கும் பயிற்சிகள் ஏராளம். எல்லாவற்றையும் செய்து பார்க்க வேண்டுமென்றால் படகுக்கு எண்ணெய் ஊற்றியே சம்பளம் கரைந்துவிடும். சிலாங்கூரில் பெஸ்தாரி ஜெயா பக்கத்து பழைய ஈயக்குட்டை ஒன்றில், அதாவது ஈயம் தோண்டிய பள்ளத்தில் நீர் தேங்கிய குட்டையில், அனுமதி வாங்கி, நாலைந்து பேர் செலவைப் பங்கு போட்டு ஓட்டுகிறோம். இரண்டு வருடத்துக்கு மேலாகச் சலித்துப் பார்த்ததில் தேறியவை கொஞ்சம்தான்.

புதியவர்களுக்காகக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். தடத்தின் நீளம் 259 மீட்டர். நுழைவு கேட் (இரண்டு மிதவைகளுக்கு நடுவிலான வாசல்), சுற்ற வேண்டிய ஆறு மிதவைகள், வெளியேறும் கேட். அந்த ஆறில் ஒவ்வொரு மிதவையும் நடுக்கோட்டிலிருந்து 11.5 மீட்டர் தள்ளி, வலம் இடமாக மாறி மாறி நிற்கும். கயிறு 18.25 மீட்டரில் தொடங்கும். ஆறு மிதவைகளையும் சுற்றிவிட்டால் படகின் வேகம் மணிக்கு 3 கிலோமீட்டர் கூடும்; ஆண்களுக்கு 58, பெண்களுக்கு 55 என்ற உச்ச வேகம் வந்ததும் கயிற்றைக் குறைக்க ஆரம்பிப்பார்கள். 16, 14.25, 13, 12, 11.25 என்று அது சுருங்கிக்கொண்டே போகும். 11.25இல் கயிறு மிதவைக்கே எட்டாது, உடம்பை நீட்டித்தான் சுற்ற வேண்டும். அமெரிக்கர் நேட் ஸ்மித் 2013இல் 9.75 மீட்டர் கயிற்றில் இரண்டரை மிதவை எடுத்து உலக சாதனை படைத்தார். நான் 16 மீட்டரில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறேன் என்பது வேறு கதை.

எனக்கு அதிகம் உதவிய பயிற்சிக்குத் தண்ணீரே தேவையில்லை. வீட்டு முன்தூணில் இடுப்பு உயரத்தில் கயிற்றைக் கட்டி, ஹேண்டிலைப் பிடித்துச் சாய்ந்து நிற்பது, அவ்வளவுதான். கை நேராக, முட்டி லேசாக மடங்கி, இடுப்பு ஹேண்டிலை நோக்கி முன்னே வர வேண்டும். பின்பக்கம் தொங்கி, நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி ஆனால் பயிற்சி கெட்டது. ஒருநாள் பெரியப்பா இதைப் பார்த்துவிட்டார். தோட்டத்தில் செம்பனைக் குலை அறுத்தே தலை நரைத்தவர். "என்னடா, கையால இழுக்கிற? நீட்டுக் கம்புல அரிவாள மாட்டி அப்படி இழுத்தா பத்துக் குலைல தோள் போயிரும். ஒடம்பால இழு, கை சும்மா கொக்கி" என்றார். எந்த வீடியோவும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. இரண்டு பக்கமும் சாய்ந்து பழகுங்கள். எல்லாருக்கும் ஒரு பக்கம் தோதாக இருக்கும், மறுபக்கம் மக்கர் பண்ணும். மக்கர் பக்கத்துக்கு இரண்டு மடங்கு நேரம் கொடுக்கலாம்.

தண்ணீரில், மிதவையே இல்லாமல் செய்த பயிற்சிதான் சிறந்தது. 18.25 மீட்டர் கயிறு, மணிக்கு 46 கிலோமீட்டர். இடது பக்கம் அகலமாக விலகிப் போய், வேகம் குறையும் வரை அமைதியாக மிதந்து, திரும்பி, படகின் அலையைக் கடந்ததும் நிறுத்திவிடுவது. கேட்டுக்குள் நுழையும் அந்த முதல் இழுப்பு மட்டும்தான் பாடம். சலிப்பான வேலைதான், கூட வந்தவர்கள் கொட்டாவி விட்டார்கள். ஆனால் முதல் மிதவைக்குத் தாமதமாகப் போனால் அந்தத் தாமதம் ஆறாவது வரை கூடிக்கொண்டே வரும் என்பதால், விட்டுவிட முடியாத பயிற்சி இது.

அடுத்து, கையை விடாத பயிற்சி. படகுக்குப் பின்னால் எழும் இரண்டு அலைகளில் இரண்டாவதைத் தாண்டிய பிறகும் இரண்டு கைகளும் ஹேண்டிலில், ஹேண்டில் இடுப்பை ஒட்டி. ஒன்று, இரண்டு என்று மனசுக்குள் எண்ணிய பிறகுதான் வெளிப்பக்கக் கையை விட வேண்டும். படகுப் பக்கத்துக் கை பிடித்தபடியே நீளும். சீக்கிரம் விட்டால் படகு உங்களை உள்ளே இழுத்துவிடும், மிதவைக்கு அகலம் போதாது. பதறித் திரும்பினால் கயிறு தொய்ந்து, மறுபடி இறுகும்போது தோளில் வெட்டும். கண் மிதவையில் ஒட்டிக்கொள்ளக் கூடாது, எதிர்க்கரை செம்பனை வரிசையைப் பாருங்கள். தலை குனிந்தால் தோளும் கூடவே குனிந்துவிடும்.

வீட்டில் நின்று சமநிலை பழகும் பேலன்ஸ் போர்டு வாங்கி ஏமாற வேண்டாம். நான் வாங்கியது இப்போது பக்கத்து வீட்டுப் பையனுக்கு விளையாட்டுச் சாமான். அந்தக் காசுக்குப் படகில் ஒருவர் கைப்பேசியில் படம் எடுக்க, இன்னும் நாலு சுற்று ஓட்டலாம். இடுப்பு எங்கே இருக்கிறது என்று உணர்வு சொல்வதும் படம் சொல்வதும் ஒன்றாக இருப்பதே இல்லை.

கயிறு வாங்கும்போது கடையில் வேக்போர்டு கயிற்றை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது கொஞ்சமும் இழுபடாது. ஸ்லாலம் கயிற்றில் சிறிது நெகிழ்வு உண்டு, முதுகு தப்பிக்கும்.

குட்டையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இவை மனிதன் தோண்டிய பள்ளங்கள். கரையிலிருந்து சில அடியிலேயே ஆழம் சட்டென்று விழும், அடியில் பழைய மரக்கட்டை இருக்கலாம். லைஃப் ஜாக்கெட் இல்லாமல், பின்னால் பார்க்க ஆள் இல்லாமல் படகு கிளம்பக் கூடாது. காலில் காயம் இருந்தால் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் நம் நாட்டில் சாதாரணமாக வரும் நோய். காலை ஏழரைக்கு நீர் கண்ணாடியாக இருக்கும். மதியத்துக்கு மேல் இடி கேட்டால் கயிற்றைச் சுருட்டிவிட வேண்டியதுதான்.

2017 சீ (தென்கிழக்காசிய) விளையாட்டுப் போட்டியில் வாட்டர் ஸ்கீ புத்ராஜெயாவில்தான் நடந்தது. அப்படி ஒரு முழு ஆறு மிதவைத் தடத்தை நேரில் பார்த்தால் அகலம் புரியும். எங்கள் குட்டையில் நடுக்கோட்டுக்கு நெருக்கமாக நாங்களே மிதவை கட்டிக் குறுகிய தடம் போட்டிருக்கிறோம். கேட் இழுப்பும் கைப்பிடியும் படிந்த பிறகே அதில் இறங்குங்கள். அதற்கு முன் இறங்கியவர்கள் மிதவையைத் துரத்தியே பழகிவிட்டார்கள், அவர்களைத் திருத்துவதுதான் இப்போது ஞாயிற்றுக்கிழமை வேலையாக இருக்கிறது.