மூன்றடித் தொட்டிக்கு எந்த பஃபர்? புதுச்சேரியில் வளர்த்த அனுபவம்

மூன்றடி நீளம், அகலமும் உயரமும் ஒன்றேகால் அடி. கணக்குக்கு 130 லிட்டர். மணலும் செடியும் போக 110 தேறும். இந்த அளவுத் தொட்டிக்கு எந்த பஃபர், அதாவது எந்தப் பேத்தை மீன் என்று கேட்டால் என் பதில் ட்வார்ஃப் பஃபர்தான். அதுவும் வேறு மீன் எதையும் சேர்க்காமல். முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு ஹாலில் சில வருஷமாக அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

கடைகளில் கண்ணைப் பறிப்பது கிரீன் ஸ்பாட்டட் பஃபர். பச்சை முதுகும் கரும்புள்ளியுமாகக் கண்ணை உருட்டிப் பார்த்தால் யாருக்கும் மனசு இளகும். ஆனால் அது ஆறு அங்குலம் வரை வளரும், வளர வளர உப்பும் கேட்கும். "நம்ம ஊரு போர் தண்ணியே உப்புதானே, அது போதும்" என்று ஒரு கடையில் சொன்னார்கள். போதாது. வளர்ந்த மீனுக்கு லிட்டருக்குப் பத்து கிராமுக்கு மேல் வேண்டும். போர் தண்ணீரில் அவ்வளவு உப்பு இருந்தால் நாம் குளிக்கவே முடியாது. சமையல் உப்பும் ஆகாது, கடல் மீன் தொட்டிக்கென்று விற்கும் மெரைன் சால்ட்தான். ஒவ்வொரு முறை தண்ணீர் மாற்றும்போதும் அளந்து கலக்க வேண்டும்.

கடலூர் முதுநகரில் நண்பர் ஒருவர் நாலடித் தொட்டியில் இதில் ஒன்றே ஒன்று வைத்திருக்கிறார். தீனிக்குக் கவலையில்லை, இறால், சின்ன நண்டு, மட்டி எல்லாம் பக்கத்திலேயே கிடைக்கும். பஃபருக்குப் பல் வளர்ந்துகொண்டே இருக்கும், ஓட்டோடு கடித்தால்தான் தேயும். உரித்த இறாலாகவே போட்டுப் பழக்கியதில் அவர் மீனுக்குப் பல் நீண்டு வாய் மூடவில்லை. கிராம்பு எண்ணெய் கலந்த தண்ணீரில் மயக்கி, நகவெட்டியால் நறுக்கினார். பக்கத்தில் நின்ற எனக்கே கை நடுங்கியது. அவர் அம்மா மட்டும், "வலையில வந்தா தூக்கி எறியுற பேத்தைக்கு இவ்ளோ வைத்தியமாடா?" என்றார்.

ஃபிகர் எய்ட் என்ற பஃபர் மூன்று அங்குலத்தில் நின்றுவிடும், அளவு பொருந்தும். ஆனாலும் கொஞ்சம் உப்பு வேண்டும், இங்கே கிடைப்பதும் அரிது. ஃபஹாகா என்ற இன்னொரு வகை ஓர் அடிக்கு மேல் போகும், பேச்சே வேண்டாம்.

ட்வார்ஃப் பஃபர் நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளின் மீன், கேரளா பக்கம். ஓர் அங்குலம்தான் இருக்கும். நல்ல தண்ணீர், உப்பே வேண்டாம். ஆனால் குருணைத் தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ஃப்ரோசன் பிளட்வார்ம் (உறையவைத்த சிவப்புப் புழு), அப்புறம் நத்தை. நத்தைக்காகவே மொட்டை மாடி நிழலில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி வைத்திருக்கிறேன். ஏரி, குளத்து நத்தையை நான் போடுவதில்லை, ஒட்டுண்ணி வந்துவிடும்.

நத்தையை உள்ளே விட்டதும் மீன் பாயாது. ஒரு விரற்கடை தள்ளி அந்தரத்தில் நிற்கும். ஒரு கண் நத்தைமேல், இன்னொரு கண் தனியாகச் சுற்றி யாராவது போட்டிக்கு வருகிறார்களா என்று பார்க்கும். நத்தை தலையை நீட்டியதும் ஒரே கொத்து. பிறகு வயிறு கோலிக்குண்டு மாதிரி உருண்டு, நாள் முழுக்க செடிக்குள்ளேயே கிடக்கும்.

சண்டை உண்டு. வயிற்றில் கருங்கோடு உள்ளது ஆண். ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் இருந்தால் தாங்கும். வாலிஸ்னேரியா செடியும் பாசியும் அடர்ந்திருக்க வேண்டும், ஒன்றை ஒன்று பார்க்காமல் ஒதுங்க இடம் வேண்டுமே. கப்பி மீனைச் சேர்த்தால் வாலைக் கத்தரித்துவிடும்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்து கரண்ட் போனபோது, பேட்டரி ஏர் பம்பும் ஸ்பாஞ்ச் ஃபில்டரும்தான் காப்பாற்றின. கரண்ட் வரும்வரை தீனியை நிறுத்திவிட்டேன்.

சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் வாங்குவதாக இருந்தால் வயிறு ஒட்டிய மீனை விலை குறைத்தாலும் எடுக்காதீர்கள். பெரும்பாலும் ஆற்றில் பிடித்து வருபவை, குடல் புழு இருக்கலாம். கையோடு நாலு நத்தை கொண்டுபோய்க் கடைத் தொட்டியிலேயே போடச் சொல்லுங்கள். எது வந்து கொத்துகிறதோ அதைக் கட்டித் தரச் சொல்லுங்கள்.