செத்தபின் யாரைத் திட்டுவது? அகாரும் ஸ்லிதரும்

லீவுக்கு வந்திருந்த அக்கா மகன் இரண்டு கணினி விளையாட்டுகளைப் பற்றிக் கேட்டான்: "மாமா, அகார் நல்லா இருக்குமா, ஸ்லிதரா? எதுல சீக்கிரம் சாகாம இருக்கலாம்?"

இரண்டிலும் சீக்கிரம் சாகலாம். அதில் ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை. ஆனால் செத்தபின் யாரைத் திட்டுவது என்று பார்த்தால், இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பத்து வருடமாக இரண்டையும் அவ்வப்போது ஆடிவருபவன் என்ற தகுதியில் சொல்கிறேன். வேறு தகுதி எதுவும் இல்லை. பெரிய ஆட்டக்காரனும் இல்லை.

ஆடிப் பார்க்காதவர்களுக்கு முதலில் கொஞ்சம். அகார்.ஐஓ, ஸ்லிதர்.ஐஓ இரண்டும் ப்ரவுசரில் திறந்து ஆடுபவை. டவுன்லோடு வேண்டாம், கணக்குத் தொடங்க வேண்டாம். ஒரு பெயரை அடித்தால் அடுத்த நொடி களத்தில் இருப்பீர்கள், முன்பின் தெரியாத நூற்றுக்கணக்கானவர்களோடு. அதற்கடுத்த பத்தாவது நொடியில் அவர்களில் ஒருவர் வயிற்றில் இருப்பீர்கள்.

பெயரில் வரும் அந்த ஐஓ, இந்தியப் பெருங்கடலில் பிரிட்டன் வசம் இருந்துவரும் சாகோஸ் தீவுகளுக்கான இணைய முகவரி. டியேகோ கார்சியா ராணுவத் தளம் இருப்பது அங்கேதான். அத்தீவுகளின் மக்களை 1960களின் கடைசியிலும் 70களின் தொடக்கத்திலும் வெளியேற்றிவிட்டார்கள். 2021 அக்டோபரில் படகு பழுதாகி அங்கே கரையேறிய இலங்கைத் தமிழர்கள் ஏறக்குறைய மூன்று வருடம் அந்தத் தீவில் கூடாரங்களில் கிடந்தார்கள். விளையாட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லைதான். ஆனாலும் முகவரியை அடிக்கும்போது நினைவுக்கு வந்துவிடுகிறது.

சரி, அகார். மாத்தேயுஸ் வலதாரெஸ் என்ற 19 வயது பிரேசில் இளைஞர் 2015 ஏப்ரலில் வெளியிட்டது. அகார் என்பது வேறொன்றும் இல்லை, நம் கடல்பாசிதான். நோன்பு மாதத்தில் பாலும் ரோஸ் எசன்சும் விட்டுத் தட்டில் உறைய வைத்து, வில்லை வில்லையாக வெட்டித் தருவார்களே, அதே பாசி. ஆய்வுக்கூடத்தில் அதைக் காய்ச்சித் தட்டில் ஊற்றி, அதன்மேல் நுண்ணுயிர்களை வளர்ப்பார்கள். விளையாட்டும் அதுதான். திரை ஒரு தட்டு, நீங்கள் ஒரு கிருமி. சிதறிக் கிடக்கும் புள்ளிகளைத் தின்று வட்டமாகப் பெருப்பீர்கள். உங்களைவிடச் சிறியவரை விழுங்கலாம், பெரியவர் உங்களை விழுங்கலாம். விழுங்க வேண்டுமென்றால் எதிராளியைவிடக் கால் பங்காவது பெரிதாக இருக்க வேண்டும்.

இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். சூட்சுமம் வேகத்தில் இருக்கிறது. பெருக்கப் பெருக்க வேகம் குறையும். பெரியவர் துரத்தினால் சிறியவர் நடையிலேயே தப்பிவிடலாம். அதனால் பெரியவருக்கு இருக்கும் ஒரே ஆயுதம் ஸ்பேஸ் பார். தட்டினால் உடல் இரண்டாகப் பிளந்து ஒரு பாதி மவுஸ் காட்டும் திசையில் ஈட்டிபோல் பாயும். குறி தப்பாமல் விழுங்கிவிட்டால் லாபம். தப்பினால் நீங்கள் இப்போது இரண்டு அரைகுறை வட்டங்கள். மறுபடி ஒட்டிக்கொள்ள அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்த அரை நிமிடத்தில் சுற்றியிருப்பவர்களின் பார்வையே மாறிவிடும். நேற்றுவரை கும்பிடு போட்டவர்கள் பாக்கியைக் கேட்க வருவது மாதிரி.

அங்கங்கே பச்சை நிறத்தில் முள்முள்ளாகச் சில உருண்டைகள் இருக்கும். அவற்றுக்கு வைரஸ் என்று பெயர். சிறியவர் அதன் அடியில் ஒளிந்துகொள்ளலாம். பெரியவர் மோதினால் பட்டாசு மாதிரி வெடித்து 16 துண்டு வரை சிதறுவார். டபிள்யூ பட்டனைத் தட்டி உங்கள் உடலிலிருந்து துணுக்குகளை அதற்கு ஊட்டலாம். ஏழு தரம் ஊட்டினால் அது புதிதாக ஒரு வைரஸை எதிர்ப்பக்கம் துப்பும். அது ஒரு ராட்சதர் மேல் போய் விழ, அவர் தூள்தூளாகி, அந்தத் தூளை நீங்கள் பொறுக்கித் தின்பது என்பது எனக்குப் பத்து வருடத்தில் நான்கைந்து முறைதான் வாய்த்திருக்கிறது. நான்கைந்தும் நன்றாக நினைவிருக்கிறது.

இனி எரிச்சல். அகாரின் மூல முறையில் எல்லோருக்கும் எல்லோரும் எதிரி. எழுத்தில் அப்படி. நடப்பில் இருவர் மூவராகச் சேர்ந்து வருவார்கள். ஒருவர் பிளந்து பாய்ந்து உங்களை விழுங்கிவிட்டு, கூட்டாளி சின்னதாகிவிட்டால் அவருக்கு டபிள்யூவால் ஊட்டி மறுபடி பெரிதாக்குவார். தனியாக வந்தவருக்கு அங்கே வேலை இல்லை. நீங்கள் தப்பு எதுவும் செய்திருக்க மாட்டீர்கள். மூலையில் சமர்த்தாகப் புள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தபோதே தூரத்தில் அவர்கள் வருவது தெரியும், எந்தப் பக்கம் போனாலும் அடைபடுவோம் என்பதும் தெரியும். அகாரில் சாவு மெதுவாக, முன்கூட்டியே சொல்லிவிட்டு வருகிறது. அதனால்தான் வயிறு எரிகிறது. போதாததற்கு, சும்மா இருந்தாலும் சேர்த்த உடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். பெரிய உடலென்றால் கரைவதும் அதிகம்.

ஆனால் அகாரில் நட்பும் உண்டு. இதை ஸ்லிதர் எனக்கு ஒருபோதும் தந்ததில்லை. ஆரம்ப நாட்களில் சில ஆங்கிலப் பெயர்களை அடித்தால் வட்டத்துக்கு அந்தப் படமே வந்துவிடும். நாட்டின் பெயரென்றால் கொடி. 'எர்த்' என்றால் பூமி உருண்டை. 'மூன்' என்றால் நிலா. ஒருநாள் பெரிய பூமி ஒன்று மிதந்துகொண்டிருந்தது. நான் செத்துத் திரும்பி வரும்போது 'மூன்' என்று பெயர் வைத்துக்கொண்டு போய் அதைச் சுற்ற ஆரம்பித்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. என்னைத் தின்னவில்லை. யாராவது என்னைத் துரத்தினால் குறுக்கே வந்து நின்றார். என்ன மொழி பேசுபவரோ, எந்த ஊரோ, ஐந்து நிமிடம் போல அவரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அப்புறம் தின்றுவிட்டார். சந்திர கிரகணம் என்று நினைத்துக்கொண்டேன். கோபம் வரவில்லை என்றால் பொய்.

ஸ்லிதர் அடுத்த வருடம், 2016 மார்ச்சில் வந்தது. செய்தவர் அமெரிக்கரான ஸ்டீவ் ஹவ்ஸ். இதன் பாட்டனை நம் எல்லோருக்கும் தெரியும். 1997இல் நோக்கியா 6110 போனில் வந்த பாம்புதான். அப்புறம் வந்த 3310, 1100 எல்லாவற்றிலும் அது குடியிருந்தது. 2006லிருந்து 2014 வரை ஸ்ரீபெரும்புதூரிலேயே நோக்கியா போன் செய்தார்கள். அந்தக் காலத்தில் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கு ஸ்லிதரின் அடிப்படைப் பயிற்சி ஏற்கெனவே ஆகிவிட்டது. ஒரே ஒரு பழக்கத்தைத்தான் மறக்க வேண்டும். நோக்கியாவில் சொந்த உடலில் மோதினால் சாவு. ஸ்லிதரில் சொந்த உடலைத் தாராளமாகத் தாண்டிப் போகலாம். அடுத்தவர் உடலில் உங்கள் தலை பட்டால்தான் சாவு. களத்தின் விளிம்பைத் தொட்டாலும் முடிந்தது.

இந்த ஒரு விதி அகாரின் கணக்கைத் தலைகீழாக்கிவிடுகிறது. அகாரில் பெரியவரைச் சிறியவர் நேராக எதுவும் செய்ய முடியாது. வைரஸை அண்டித்தான் பிழைப்பு. ஸ்லிதரில் இப்போதுதான் பிறந்த விரல் நீளப் புழு, திரையையே அடைத்துக்கொண்டு போகும் மலைப்பாம்பின் முன்னால் குறுக்கே வெட்டிப் போனால் போதும், மலைப்பாம்பு காலி. வேகத்திலும் அப்படித்தான். நீளம் கூடினால் திரும்புவதற்கு இடம் அதிகம் வேண்டுமே தவிர, வேகம் குறைவதில்லை. மவுஸை அழுத்திப் பிடித்தால் சிறியவர் பெரியவர் யாரும் சீறிப் பாயலாம். ஆனால் சீறும் நேரமெல்லாம் உடல் தேய்ந்து பின்னால் புள்ளிப் புள்ளியாக உதிரும். சொந்த உடம்பைப் பெட்ரோலாக ஊற்றி ஓடுவது மாதிரி.

செத்த பாம்பு ஒளிரும் உருண்டைகளாகச் சிதறிக் கிடக்கும். பார்க்கவே கொள்ளை அழகு. அப்போதுதான் கூத்து. பந்திக்கு முந்து என்று நாலாபக்கமும் இருந்து எல்லோரும் சீறி வருவார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் அங்கேயே ஒருவர்மேல் ஒருவர் மோதி, அடுத்த பந்திக்கு இலையாகிவிடுவார்கள். என்னுடைய ஸ்லிதர் சாவுகளை எண்ணினால் முக்கால்வாசி இந்தப் பந்தியில்தான். யாரும் என்னைத் துரத்தவில்லை, யாரும் கூட்டுச் சதி செய்யவில்லை. ஓரமாகக் கிடந்த பத்து உருண்டைகளோடு திரும்பியிருக்கலாம். நடுவில் இருந்த பெரிய குவியல்மேல் கண் போனது.

ஒருமுறை முதல் பத்து பேர் பட்டியலில் வந்துவிட்டேன். வாழ்நாளில் ஒரே முறை. உடனே பயம் பிடித்துக்கொண்டது. சீறுவதை விட்டேன், வட்டமாகச் சுருண்டு சொந்த உடலையே வேலியாக்கி உள்ளே சுற்றிக்கொண்டிருந்தேன். பாதுகாப்பானது, ஆனால் வளரவும் முடியாது. அலுத்துப்போய் வெளியே தலையை நீட்டினேன். 'ஹாய்' என்று பெயர் வைத்திருந்த ஒரு குட்டிப் புழு குறுக்கே போனது. அவ்வளவுதான். நாற்பது நிமிட உழைப்பைச் சுற்றி நின்றவர்கள் தின்பதை வாய்பார்த்துக்கொண்டிருந்தேன். ஹாய்க்குப் பெரிதாக எதுவும் கிடைத்திருக்காது. முதல் வாயிலேயே வேறு யார்மேலோ மோதி அவரும் போனார்.

அப்போதும் திட்டியது என்னைத்தான். ஸ்லிதரில் எதிராளி முகமே மனதில் நிற்பதில்லை. 'நான் ஏன் அங்கே திரும்பினேன்' என்பது மட்டும் நிற்கும். இதனாலேயே மறுபடி ஆடத் தோன்றுகிறது. தப்பு நம்முடையது என்றால் திருத்திக்கொள்ளலாம் அல்லவா! அகாரில் செத்தால் ஜன்னலை மூடிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன்.

தன்னைத் திட்டிக்கொள்ளாமல் தப்பிக்க ஸ்லிதரில் ஒரே ஒரு வழி உண்டு: நெட். எங்கள் வீட்டு இணைப்பு சாயங்காலம் ஏழு மணிக்குமேல் மூச்சு வாங்கும். மழை என்றால் கேட்கவே வேண்டாம். அகார் அதைத் தாங்கும். பெரிய வட்டங்கள் ஆமை வேகத்தில் நகர்வதால் கால் நொடி தாமதம் பெரிதாக வித்தியாசம் செய்யாது. ஸ்லிதரில் கால் நொடி என்பது தலைக்கும் கழுத்துக்கும் உள்ள தூரம். என் திரையில் மயிரிழையில் தப்பித்திருப்பேன், சர்வரின் கணக்கில் ஏற்கெனவே செத்திருப்பேன். இந்தச் சாவுகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று எனக்கு நானே சட்டம் போட்டிருக்கிறேன்.

போனில் ஆடுவதென்றால் யோசிக்கவே வேண்டாம், ஸ்லிதர். ஒரு விரல் போதும். அகாருக்கு நகர்த்த ஒரு விரல், பிளக்க ஒன்று, ஊட்ட ஒன்று என்று கை போதாமல் போய்விடும். ஸ்லிதர் செயலியில் நெட் இல்லாதபோது போனே ஓட்டும் பாம்புகளோடு ஆடும் வசதியும் இருக்கிறது. சிக்னல் இல்லாத ரயில் பயணத்துக்கு ஆகும். ஆனால் அந்தப் பாம்புகள் செத்தால் எங்கோ ஒருவர் தலையில் கைவைப்பதில்லை. அது தெரிந்தபின் கொல்வதில் ருசி இல்லை.

பழியைப் போட இன்னொரு இடமும் உண்டு. 2020 ஊரடங்கில் எங்கள் சொந்தம் முழுக்க லூடோ கிங்கில் விழுந்தது. மும்பையில் உருவாகி 2016இல் வந்த விளையாட்டு. பெரியம்மா ஒரு ஊரில், சித்தப்பா ஒரு ஊரில், நடுராத்திரி வரை உருட்டினார்கள். அங்கே யாரும் யாரையும் திட்டவில்லை, எல்லோரும் சேர்ந்து பகடையைத் திட்டினார்கள். தாயம் விழாமல் உட்கார்ந்திருந்த தலைமுறைகளிடமிருந்து வந்த பழக்கம். வாய் இல்லாத கட்டைதானே, எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளும். சொந்தபந்தம் உடையாமல் ஆட அதுதான் சரி. ஆனால் கையில் திறமை என்று சொல்லிக்கொள்ள அதில் அதிகம் இல்லை என்பதால் எனக்குப் பத்து நிமிடத்தில் கொட்டாவி வந்துவிடும்.

ஆக, அக்கா மகனிடம் சொன்னது இதுதான். தனியாக, பத்து நிமிடம், யார்மேலும் கோபம் வேண்டாம் என்றால் ஸ்லிதர். ஆபீசில் திட்டு வாங்கிவிட்டு வந்த சாயங்காலம் அகார் பக்கமே போகாதே. அங்கும் அதே கூட்டணிதான் இருக்கும். ஆனால் தெரிந்தவர் ஒருவர் கூட இருந்தால் அகாரை அடித்துக்கொள்ள ஆளில்லை. பார்ட்டி முறையில் ஒரு குறியீட்டைக் கொடுத்தால் ஒரே களத்துக்கு வந்துவிடலாம். நேற்றுவரை வயிறெரியவைத்த அதே கூட்டுச் சதியை நாமே செய்யலாம்.

உடனே இரண்டு கணினியைத் திறந்தோம். அவன் 'மாமா' என்று பெயர் வைத்துக்கொண்டான். நான் அவன் பெயரை வைத்துக்கொண்டேன். நன்றாகத்தான் போனது. நான் விரட்ட, அவன் மடக்க, மூன்று பேரைத் தின்றோம். அவன் சிறுத்துவிட்டான் என்று டபிள்யூவைத் தட்டித் தட்டி ஊட்டினேன். ஊட்ட ஊட்ட வளர்ந்தான். நான் இளைத்துக்கொண்டிருந்தேன், கவனிக்கவில்லை. 'மாமா' பிளந்து பாய்ந்து என்னை ஒரே வாயில் விழுங்கினார்.

"ஏன்டா?" என்றேன்.

"பசிச்சுது மாமா" என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பத்து வருடத்தில் முதல்முறையாக, திட்டுவதற்கு ஆள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தான்.