கடல் மேல கப்பல் கிழிச்ச கோடு பாக்கணுமா? நாசா வேர்ல்ட்வியூ – என் ரிவ்யூ

காசு கிடையாது, லாகின் கிடையாது, பிரவுசர்ல ஓபன் பண்ணா போதும், சாட்டிலைட் எடுத்த படம் சில மணி நேரத்துலயே வந்து நிக்குது, பின்னாடி 2000 வரைக்கும் போய் பாக்கலாம். நிறைய பேர் இதுல புயலையும் காட்டுத்தீயையும் பாத்துட்டு கிளம்பிடுறாங்க. என்னைக் கேட்டா கடல் மேல இருக்கற மேகத்துக்காகவே இந்த சைட்டுக்கு வரலாம்.

தேதிய 2018 ஜனவரி 16னு வச்சுட்டு, போர்ச்சுகல் ஸ்பெயினுக்கு மேக்கால அட்லாண்டிக்ல ஜூம் பண்ணுங்க. மேகத்து மேல யாரோ சாக்பீஸால கிறுக்கி வச்ச மாதிரி வெள்ளைக் கோடா இருக்கும், அத்தனையும் கப்பல் போன தடம். கப்பல் புகையில இருக்கற கந்தகம் சல்பேட் துகளாகி மேகத்துக்குள்ள ஏறுது, ஒவ்வொரு துகளும் ஒரு துளிக்கு கருவாயிடுது, அதே அளவு தண்ணி ஏகப்பட்ட குட்டித் துளியா பிரிஞ்சு நிக்குது, மொத்தப் பரப்பு கூடிடறதால வெயிலை ஜாஸ்தியா திருப்பி அனுப்புது, அதான் அந்த பளிச். மேகத்தை ஆராய்ஞ்ச விஞ்ஞானி ஷான் டூமி 1970கள்லயே சொன்ன விஷயம் தான் இது.

சும்மா கலர் படத்தோட நிறுத்தாதீங்க. மோடிஸ்னு சாட்டிலைட்ல இருக்கற கருவி எடுத்த படத்துல 7-2-1னு ஒரு லேயர் (அதாவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் சேர்த்து காட்டுற படம்) இருக்கு, சின்னத் துளி அதுல தனியா தூக்கித் தெரியும். கம்பேர் வசதில ரெண்டையும் வச்சு இழுத்து இழுத்து பாருங்க, இந்த சைட்லயே எனக்கு ரொம்ப பிடிச்சது அது தான்.

இலங்கைக்கு தெக்கால பெரிய கப்பல் ரூட் போகுதே, அங்க தேடலாமான்னு கேப்பீங்க. வேஸ்ட். அங்க உசரமா வளர்ற மழை மேகம் தான் ஜாஸ்தி, இந்தக் கோடு விழ கலிஃபோர்னியா, நமீபியா பக்கம் குளிர்ந்த கடல் மேல படுத்திருக்கற தாழ்வான மேகம் வேணும். (அந்த ரூட்ல பக்கத்துக் கடலை விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு மின்னல் அடிச்சுதுன்னு 2017ல ஒரு ஆய்வு வந்துச்சு, ஆனா அது இந்தப் படத்துல தெரியாது.)

ஒரு விஷயத்துல கவனமா இருங்க. 2020 ஜனவரி 1ல இருந்து கப்பல் எண்ணெய்ல கந்தக வரம்பு 3.5 சதவீதத்துல இருந்து 0.5க்கு இறங்கிடுச்சு, கோடும் குறைஞ்சிடுச்சு, அது நிஜம். ஆனா அது வருஷக்கணக்கான படங்களை கம்ப்யூட்டர்ல எண்ணி சொன்னது. 2019ல ஒரு நாள், 2021ல ஒரு நாள்னு எடுத்து ஸ்க்ரீன்ஷாட் போட்டு "பாத்தியா"ன்னா செல்லாது, காத்தும் ஈரமும் தினம் மாறுதுல்ல.

இன்னொண்ணு, பூமத்திய ரேகைகிட்ட மோடிஸ் படத்துல கறுப்பா இடைவெளி விழும், அப்போ வியர்ஸ்னு இன்னொரு சாட்டிலைட் கருவியோட லேயருக்கு மாறிக்கோங்க. போன்ல வேணாம், பெரிய ஸ்க்ரீன்ல பாருங்க. அஞ்சுக்கு நாலரை. அரை மார்க் குறைச்சது லேயர் பேருக்காக, புதுசா வர்றவங்களுக்கு அதுல பாதி புரியாது.