உந்துபொருள் இல்லாத விண்வெளிப் பயணம்: மூடிய பெட்டியா, சூரியப் பாயா?

மட்டக்களப்பில் உயர்தரப் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகள் என்னிடம் ஆசையோடு கேட்பது ஈஎம் டிரைவ் பற்றித்தான். எதையும் பின்னால் வீசாமலே முன்னே போகும் இயந்திரம் என்றால் ஆசை வரத்தானே செய்யும். ஆனால் "உந்துபொருள் வேண்டாம்" என்பதற்குள் இரண்டு வேறு வேறு யோசனைகள் இருக்கின்றன. வாவியில் கச்சான் காற்று வீசும்போது பாய் விரித்தால் தோணி துடுப்பில்லாமலே ஓடும், வெளியிலிருந்து காற்று தள்ளுகிறது. தோணிக்குள் நின்றபடி அதன் முன்பக்கத்தைத் தள்ளிக்கொண்டிருந்தால் ஊர் போய்ச் சேரமாட்டோம்.

ஈஎம் டிரைவ் இரண்டாவது வகை. பிரித்தானியப் பொறியியலாளர் ரொஜர் ஷோயர் முன்வைத்த, ஒரு முனை அகன்று மறுமுனை குறுகிய மூடிய உலோகப் பெட்டி அது. உள்ளே நுண்ணலை துள்ளும், வெளியே எதுவும் போகாது. 2016இல் நாசாவின் ஈகிள்வேர்க்ஸ் குழு கிலோவாற்றுக்கு 1.2 மில்லிநியூட்டன் உந்துவிசை கிடைத்ததாக வெளியிட்டது. வெளியிலிருந்து எதுவும் தள்ளாமல் மொத்த உந்தம் மாறாது என்னும் உந்தக் காப்பு விதியோடு மோதுவது ஒருபுறம் இருக்கட்டும், சக்திக் கணக்கைப் பாருங்கள். இதே வலுவில் இதே விசை தொடர்ந்தால், ஓய்விலிருந்து புறப்பட்ட விண்கலம் செக்கனுக்கு ஏறத்தாழ 1,667 கிலோமீற்றரைத் தாண்டியதும், கொடுத்த மின்சாரத்தைவிடக் கூடிய இயக்கச் சக்தியை வைத்திருக்கும். எங்கிருந்து வந்தது அது?

பதிலை ஜேர்மனியின் ட்ரெஸ்டனில் மார்ட்டின் தஜ்மார் குழு தேடிக் கொடுத்தது. பெட்டி சூடாகும்போது விசையை அளக்கும் தராசின் பிடிப்புகள் வளைந்து பூச்சியம் நகர்கிறது. அதைச் சரிசெய்ததும் விசை காணாமல் போனது, 2021இல் முடிவை வெளியிட்டார்கள். எனக்கு இது தோல்வியாகவே தெரியவில்லை. மில்லிநியூட்டனை அளப்பது எவ்வளவு கடினம் என்று இதைவிட நன்றாக எந்தப் பாடமும் சொல்லாது.

சரி, பெட்டியில் துளையிட்டு ஒளியை வெளியே விட்டால்? நிச்சயம் உந்தும். ஆனால் 1 நியூட்டனுக்கு 300 மெகாவாற்று வேண்டும். நுரைச்சோலை மின்நிலையத்தின் 900 மெகாவாற்றையும் ஒளியாக்கினாலும் 3 நியூட்டன்தான்.

முதல் வகை, வெயிலின் ஒளியே தள்ளும் சூரியப் பாய். அதற்கு அந்த மின்சாரமே வேண்டாம். பூமியின் தூரத்தில், நல்ல கண்ணாடிபோல் தெறிக்கும் ஒரு சதுர மீற்றரை வெயில் சுமார் 9 மைக்ரோநியூட்டனால் தள்ளுகிறது. 2010இல் ஜப்பான் அனுப்பிய இகாரோஸ் விண்கலம் 14 மீற்றர் பக்கமுள்ள பாயில் சுமார் 1.1 மில்லிநியூட்டன் பெற்றது. பெட்டி ஒரு கிலோவாற்றுக்குத் தருவதாகச் சொன்ன விசையளவு அது! குறையும் உண்டு: வியாழனருகே வெயிலின் தள்ளல் 27இல் ஒரு பங்காகிவிடும். சூரியனுக்கு அருகிலுள்ள உட்கோள்களுக்கும் சிறு செய்மதிகளுக்கும் நான் பாயையே தெரிவுசெய்வேன். வியாழனுக்கு அப்பால் வேகம் மாற்ற வேண்டுமென்றால், இப்போதைக்கு உந்துபொருளைச் சுமந்துதான் போகவேண்டும்.